எலி கடித்த கடிதங்கள்

அவருக்கு எலியார் என்று பெயர் வைத்தவர்களில் ஒருவர்கூட அவர் முகத்தைப் பார்த்ததில்லை. அவரும் அவர்களைப் பார்த்ததில்லை. ஆனால் அவர்களில் யாருடைய அம்மாவுக்கு எந்த முழங்காலில் வலி, யாருடைய மைத்துனன் வாங்கிக்கொண்டு போன குடையை இன்னும் திருப்பித் தரவில்லை, யார் வீட்டுக் குழந்தைக்கு எத்தனை பல் முளைத்திருக்கிறது என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி.

ஜெயிலில் கடிதம் பார்க்கும் குமாஸ்தா அவர். துரைமார் ஆண்ட காலம். வழக்கு, விசாரணை எதுவும் இல்லாமல், வெளியே விட்டால் பேசுவார்கள் என்ற ஒரே காரணத்துக்காகப் பிடித்து வைத்த அரசியல் கைதிகள் இருநூறு சொச்சம் பேர் அந்த மதிலுக்குள் இருந்தார்கள். ஆளுக்குப் பதினைந்து நாளைக்கு ஒரு கடிதம் எழுதலாம். ஒரே ஒரு தாள், இரண்டு பக்கம். குடும்ப விஷயம் மட்டும். அரசியல் கூடாது, ஜெயில் சமாசாரம் கூடாது, எண்ணிக்கை கூடவே கூடாது. மீறி எழுதியதை எடுத்துவிட்டு மீதியை அனுப்ப வேண்டியது குமாஸ்தாவின் பொறுப்பு. வீட்டிலிருந்து வரும் கடிதங்களையும் அவர் பார்த்த பிறகுதான் கைதி பார்க்கலாம்.

முன்பெல்லாம் மையால் அடித்துக்கொண்டிருந்தார்கள். ஏதோ ஒரு வீட்டில் தாளை வெயிலில் தூக்கிப் பிடித்து, மைக்கு அடியில் இருந்ததையும் படித்துவிட்டார்களாம். துரைக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்து, இனிமேல் வெட்டி எடு என்று உத்தரவு போட்டுவிட்டார். அன்றிலிருந்து எலியாரின் மேசையில் ஒரு சவர பிளேடு, அடியில் வைக்க ஒரு கண்ணாடித் துண்டு, ஓர் அடிமட்டம். வெட்டின துண்டைக் குப்பையில் போட்டுவிடவும் முடியாது. பெரிய பதிவேடு ஒன்றில் அதைக் கோந்து தடவி ஒட்டித் தேதி போட வேண்டும். துரை வந்து, பாதி துண்டின் மேலும் பாதி பதிவேட்டின் மேலும் விழும்படி கையெழுத்துப் போடுவார். யாரும் பிய்த்துக்கொண்டு போகக் கூடாது என்று அவ்வளவு முன்ஜாக்கிரதை.

அவ்வளவு யோசித்த துரைக்கு, தாளுக்குப் பின்பக்கம் என்று ஒன்று உண்டு என்பது மட்டும் தோன்றவில்லை. முன்பக்கத்தில் கவர்னரைத் திட்டின வரியை வெட்டினால், பின்பக்கத்தில் சிவனே என்று இருந்த "மருந்தை வேளை தவறாமல் சாப்பிடு" என்ற வரியும் கூடவே போகும். ஒரு பாவமும் அறியாத வரி. போலீஸ் பிடிக்கிறபோது பக்கத்தில் நின்றவனையும் சேர்த்து வண்டியில் ஏற்றுவார்களே, அந்த மாதிரிதான்.

கடிதம் வீடு போய்ச் சேரும்போது ஜன்னல் ஜன்னலாக இருக்கும். வீட்டுப் பெண்கள் பதில் எழுதினார்கள்: "இந்தத் தடவையும் எலி கடித்துத்தான் வந்தது." அதை முதலில் படிப்பவரும் அவர்தானே? எலியைப் பற்றி எழுதக் கூடாது என்று சட்டத்தில் எங்கும் இல்லை. தன்னைத் திட்டினதைத் தானே படித்து, "பார்வையிடப்பட்டது" என்று தானே முத்திரை குத்தி உள்ளே அனுப்பினார். நாளடைவில் எலி எலியார் ஆகிவிட்டது. இதில் மரியாதை கூடினதா குறைந்ததா என்று அவருக்கே விளங்கவில்லை.

வேலையில் சேர்ந்த அன்று, படித்ததை வெளியே மூச்சு விட மாட்டேன் என்று சத்தியம் செய்து கொடுத்திருந்தார். மனைவியிடம் சொல்வது வெளியே சொல்வதாகாது என்று ஒரு நியாயத்தையும் அன்றைக்கே கண்டுபிடித்துக்கொண்டார். சாயங்காலம் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டின கையோடு ஆரம்பிப்பார். அவள் காய்கறித் தட்டைத் தூக்கிக்கொண்டு வந்து எதிரே உட்காருவாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. ஆனாலும் அந்த ஒற்றை அறைக்குள் தினமும் இருநூறு குடும்பம் வந்து போனது. குடையைத் திருப்பித் தராத மைத்துனனை அவள் எட்டு வருஷமாகத் திட்டிக்கொண்டிருந்தாள்.

அவரைப் பற்றி இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் அவர் மனைவியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "இந்தா" என்றால் அவள்தான். அன்பாக ஒரு வார்த்தை சொன்னதும் இல்லை. ஊரான் வீட்டுக் கடிதத்தில் எவனோ எவளுக்கோ எழுதின அன்பையெல்லாம் ஓர் எழுத்து விடாமல் ஒப்பிப்பார். சொந்தச் சரக்கு என்று வரும்போது வாயில் பூட்டு.

இப்படி ஓடிக்கொண்டிருந்த வண்டிக்குக் குறுக்கே வந்தவர் கணக்கு வாத்தியார். பள்ளிக்கூடத்தில் கரும்பலகையில் ஒரு கணக்குப் போட்டதற்காக உள்ளே வந்தவர். 'மாதம் மூன்று கப்பல், கப்பலுக்குப் பத்தாயிரம் மூட்டை வீதம் ஒரு நாட்டிலிருந்து போனால், அந்த நாடு காலியாக எத்தனை வருஷம் ஆகும்?' பையன்கள் விடை கண்டுபிடிப்பதற்குள் போலீஸ் வந்துவிட்டது. வாத்தியாருக்கு ஒரே மகள். அவளுக்கு நல்ல இடம் ஒன்று வந்திருந்தது. பையன் வேலைக்கு வேறு ஊருக்கு மாற்றலாகிப் போகிறான், அதற்குள் பெண்ணின் அப்பா வாயால் சரியா இல்லையா என்று தெரிய வேண்டும், மாதக் கடைசிக்கு மேல் காத்திருக்க முடியாது என்று அவர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். வாத்தியாரம்மா இதை எழுதி உள்ளே அனுப்பினாள். வாத்தியாரும் பதில் எழுதினார்.

கை சும்மா இருக்குமா? அதே தாளின் முன்பக்கத்தில், 'எண்பது பேர் இருக்க வேண்டிய கொட்டடியில் இருநூற்றுப் பதினொரு பேர் இருக்கிறோம், ஆளுக்கு ஒன்றேகால் முழம் இடம், மீதி பூஜ்யம்' என்று கணக்குப் போட்டிருந்தார். எண்ணிக்கை. எலியார் பார்த்தார், அடிமட்டத்தை வைத்தார், சுத்தமாக இரண்டு வரியை எடுத்தார், ஒட்டினார், துரையிடம் கையெழுத்தும் வாங்கினார். எண்ணிக்கை எழுதின குற்றத்துக்கு வாத்தியாருக்கு இரண்டு மாதம் கடிதம் கிடையாது என்றும் உத்தரவானது.

பத்தாம் நாள் வாத்தியாரம்மாவிடமிருந்து கடிதம் வந்தது. 'பெண் விஷயமாக நீங்கள் எழுதின இடத்தில் எலி கடித்திருக்கிறது. "மாப்பிள்ளை விஷயத்தில் என் முடிவு என்னவென்றால்" என்பது வரைக்கும் இருக்கிறது. அதற்கப்புறம் ஜன்னல்தான். ஜன்னல் வழியாக எதிர்வீட்டுச் சுவர் தெரிகிறது. இன்னும் ஐந்து நாள்தான் இருக்கிறது. மகள் சாப்பிடாமல் உட்கார்ந்திருக்கிறாள். நான் என்ன செய்ய?'

வாத்தியார் இப்போது பதில் எழுத முடியாது. நேரே போய் அவரைக் கேட்டுவிடலாம் என்றால், கடிதம் பார்ப்பவர் கைதியைப் பார்க்கவோ பேசவோ கூடாது என்பது சட்டம். எட்டு வருஷத்தில் அவர் இரண்டாவது கதவைத் தாண்டினதில்லை. அன்று சாயங்காலம் சட்டையை மாட்டிவிட்டு வாயைத் திறக்காமல் உட்கார்ந்தார். மனைவி விடுவாளா? முகத்தைப் பார்த்தே தோண்டி எடுத்துவிட்டாள்.

"நீங்கதானே வெட்டுனீங்க?"

"நான் முன்பக்கத்தைத்தான் வெட்டினேன்."

"அதை அந்தப் பொண்ணுகிட்டப் போய்ச் சொல்லுங்க. முன்பக்கத்தைத்தான் வெட்டினேன், நீ சாப்பிடும்மான்னு."

அவள் கத்தியைத் தட்டில் வைத்தாள்.

"அந்தப் பதில் இப்ப எங்க இருக்கு?"

"பதிவேட்டுல. கோந்துக்கு அடியில."

"கொதிக்கிற தண்ணி ஆவியில காட்டினா எந்தக் கோந்தும் விட்டுடும்."

துரையின் கையெழுத்து மேலே இருக்கிறது, பிய்த்தது தெரிந்தால் உத்தியோகம் போய்விடும், இன்னும் இரண்டே வருஷம் தள்ளினால் பென்ஷன் என்று அவர் எடுத்துச் சொன்னார். அவள் மறுபடியும் கத்தியை எடுத்து நறுக்க ஆரம்பித்தாள். "எட்டு வருஷமா எல்லாக் கதைக்கும் முடிவு சொல்லியிருக்கீங்க. இதுக்கும் சொல்லுங்க" என்றாள்.

அலுவலகத்தில் இன்னொரு குமாஸ்தா உண்டு. அடுத்த மேசைக்காரர். எலியாரை வாய் நிறைய அண்ணே என்பார். கண் மட்டும் அண்ணன் நாற்காலியின் மேலேயே இருக்கும். சட்டப் புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்தாலும் ஒப்பிக்கிற ஆள். ஆனால் மத்தியானம் ஒரு மணிக்கு வீட்டுக்குப் போனால், தூங்கி எழுந்து இரண்டு மணிக்குத்தான் வருவார். இதுவும் சட்டம் மாதிரிதான்.

மறுநாள் ஒரு மணி அடித்ததும் எலியார் டீ கெட்டிலை அடுப்பில் ஏற்றினார். ஆவி வந்தது. பதிவேட்டின் பக்கத்தை அதன் மூக்குக்கு நேரே பிடித்தார். வியர்வை எது, ஆவி எது என்று தெரியவில்லை. கடைசியில் துண்டு ஒரு மூலையில் எழும்பி, மெதுவாகக் கையோடு வந்தது. திருப்பினார்.

'பெண்ணுக்குச் சம்மதமானால் எனக்கும் சம்மதம். என்னைக் கேட்காதே, அவளைக் கேள். பையனுக்குக் கணக்கு வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்.'

எலியார் அந்தக் கெட்டிலுக்கு முன்னால் உட்கார்ந்து தனியாகச் சிரித்தார். சொந்த மகளுக்கு வரன் குதிர்ந்த மாதிரி மனசு நிறைந்துவிட்டது. ஒரு சீட்டில் அதை நகல் எடுத்து முடிக்கவும் வாசலில் செருப்புச் சத்தம் கேட்கவும் சரியாக இருந்தது. அன்றைக்கென்று அடுத்த மேசைக்காரருக்கு வீட்டில் சண்டை, தூக்கம் இல்லை. எலியார் துண்டைக் கோந்து தடவி அடித்து ஒட்டிப் பதிவேட்டைப் படாரென்று மூடினார். மணி ஒன்றரைதானே ஆகிறது, அதற்குள் டீயா என்று கேட்டவருக்கு ஒரு டம்ளர் ஊற்றிக் கொடுத்தார். அதற்கப்புறம் அந்தப் பக்கத்தைத் திறந்து பார்க்க அவருக்குத் தைரியம் வரவே இல்லை.

சீட்டை ஓர் உறையில் போட்டு, "பார்வையிடப்பட்டது" முத்திரை குத்தி, வாத்தியார் வீட்டு விலாசத்துக்கு அனுப்பினார். யார் அனுப்பினது என்று எழுதவில்லை. எழுதித்தான் தெரிய வேண்டுமா?

அன்றிலிருந்து அவர் வேலை செய்கிற முறையே மாறிப்போனது. வெட்டுவதற்கு முன்னால் தாளைத் திருப்பிப் பார்ப்பார். பின்பக்கத்து வரி நல்ல வரியாக இருந்தால் அதை ஒரு சீட்டில் நகல் எடுத்து, ஓட்டையின் மேல் ஒட்டி அனுப்புவார். வீடுகளிலிருந்து வந்த கடிதங்களில், எலிக்குப் புத்தி வந்துவிட்டது என்று எழுதினார்கள். அடுத்த மேசைக்காரருக்கு மட்டும் இது பிடிக்கவில்லை.

"அண்ணே, கவர்மெண்ட் நமக்கு வெட்டத்தான் சம்பளம் குடுக்குது. ஒட்டுறதுக்கு இல்ல" என்றார்.

எலியாரைக் கவிழ்த்தது துரை இல்லை, சட்டமும் இல்லை. நன்றி. கல்யாணம் நிச்சயமாகி, வாத்தியாரம்மா சந்தோஷம் தாங்காமல் புருஷனுக்கு எழுதினாள்: 'எலியார் புண்ணியத்தில் உங்கள் பதில் தனியாக வந்து சேர்ந்தது. பையனுக்குக் கணக்கு சுமார்தான், நீங்கள் வந்து பார்த்துக்கொள்ளுங்கள். எலியாருக்கும் ஓர் அழைப்பிதழ் வைத்திருக்கிறேன்.' இந்தக் கடிதம் வந்த அன்று எலியாருக்கு ஜலதோஷம், லீவு. பிரித்தவர் அடுத்த மேசைக்காரர். அவர் கடிதத்தையும் அழைப்பிதழையும் நேரே துரை மேசையில் கொண்டுபோய் வைத்தார்.

துரைக்கு நம் பாஷை தெரியாது. மொழிபெயர்த்துச் சொல்ல ஓர் ஆள் உண்டு, அவருக்கு இரண்டு பாஷையும் அரைகுறை. எலியார் என்றால் யார் என்று துரை கேட்டார். எலி, மரியாதையோடு, என்று இவர் சொன்னார். மரியாதைக்குரிய எலி என்றால் ரகசியச் சங்கத்தின் தலைவனாகத்தான் இருக்க வேண்டும் என்று துரை முடிவு கட்டினார். பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். வாத்தியார் பக்கத்தைப் புரட்டினால், பாதிக் கையெழுத்துதான் இருக்கிறது. துண்டின் மேல் இருக்க வேண்டிய மீதியைக் காணோம். அவசரத்தில் எலியார் துண்டைத் திருப்பி ஒட்டிவிட்டிருந்தார். இருநூற்றுப் பதினொரு கைதிகள் இருக்க வேண்டிய இடத்தில், 'பையனுக்குக் கணக்கு வருமா என்று மட்டும் பார்த்துக்கொள்' என்று கொட்டை எழுத்தில் இருந்தது. பையன் யார், என்ன கணக்கு, வெடிகுண்டுக் கணக்கா என்று துரை மேசையைத் தட்டினார்.

அடுத்த நாள் மூக்கை உறிஞ்சிக்கொண்டே வந்த எலியாரைக் கூப்பிட்டு விசாரித்தார்கள்.

"அந்த எலி நான்தாங்க" என்றார் அவர். "கடிதத்தைக் கடிக்கிறதுனால அப்படிச் சொல்றாங்க. எனக்குச் சங்கமெல்லாம் கிடையாது. வீட்டுல நானும் அவளும்தான்."

மொழிபெயர்த்தவர் அதை எப்படிச் சொன்னாரோ தெரியாது. சங்கத்தில் ஒரு பெண்ணும் இருக்கிறாள் என்று துரை குறித்துக்கொண்டார். உத்தியோகம் போனது, பென்ஷன் போனது, வழக்கு விசாரணை எதுவும் இல்லாமல் ஆளும் உள்ளே போனார். எட்டு வருஷமாகத் தாண்டாத இரண்டாவது கதவை அன்றைக்குத்தான் தாண்டினார்.

கொட்டடியில் இவர்தான் எலி என்று தெரிந்ததும் நாலைந்து பேர் சட்டைக் கையை மடித்துக்கொண்டு வந்தார்கள். முதலில் வந்தவரைப் பார்த்து எலியார், அம்மாவுக்கு இடது முழங்கால் தேவலையா, தைலம் மாற்றினார்களா என்று விசாரித்தார். அந்த ஆளுக்குத் தூக்கின கை அப்படியே நின்றுவிட்டது. அம்மா எழுதின தைல வரியை அவர் பார்த்ததே இல்லை, அது ஜன்னலில் போயிருந்தது. எலியார் அதை வரி பிசகாமல் சொன்னார். அவ்வளவுதான், அடிக்க வந்தவர்கள் சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள். எட்டு வருஷத்தில் காணாமல் போன வரிகளை ஒவ்வொருவராக வந்து கேட்டு வாங்கிக்கொண்டு போனார்கள். இருநூற்றுப் பன்னிரண்டாவது ஆளுக்குக் கணக்கு வாத்தியார் தன் ஒன்றேகால் முழத்திலிருந்து ஒரு சாண் பிரித்துக் கொடுத்தார்.

அதோடு நிற்காமல் எலியார் பாடமும் எடுத்தார். திட்ட வேண்டியதை முன்பக்கம் ஆறாவது வரியில் எழுதினால், பின்பக்கம் அதற்கு நேராக எதையும் எழுதாதீர்கள், அல்லது அங்கேயும் திட்டுங்கள். அடுத்த மேசைக்காரர் வெட்டுவார், ஒட்ட மாட்டார். அவரை எனக்குத் தெரியும்.

பிறகு அவர் முறை வந்தது. ஒரு தாள் கொடுத்தார்கள். ஆயிரக்கணக்கான கடிதம் படித்தவருக்கு, கட்டின மனைவிக்கு எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. இந்தா என்று எழுத முடியுமா? அரை நாள் உட்கார்ந்து, கடைசியில் எந்த ஆரம்பமும் இல்லாமலே எழுதினார். கூரை ஒழுகும் இடத்தில் பாத்திரம் வை. ஜலதோஷம் போய்விட்டது. இப்படியே பத்து வரி. பிறகு என்ன நினைத்தாரோ, பின்பக்கம் நடுவில் இப்படி எழுதினார்:

'இங்கே கதைக்குப் பஞ்சமில்லை, கேட்க நீதான் இல்லை. அத்தனை வருஷமும் நான் கதை சொன்னது, கேட்கும்போது உன் முகத்தைப் பார்க்கத்தான்.'

எழுதிவிட்டுப் படித்தார். காது வரைக்கும் சிவந்துவிட்டது. நாற்பத்தெட்டு வயசில் இதென்ன கூத்து? அடித்துவிடலாம் என்றால், கைதி எதையாவது அடித்தால் தாளே செல்லாது. வேறு வழியில்லை. தாளைத் திருப்பினார். விரலால் அளந்து, சரியாக அந்த வரிகளுக்கு நேர் பின்னால், கவர்னரின் தொப்பையைப் பற்றியும் அவர் தின்று தீர்த்த வரிப்பணத்தைப் பற்றியும் அழுத்தமான இரண்டு வரி எழுதினார். நிம்மதியாக மடித்துக் கொடுத்தார். எந்தக் கொம்பன் பார்த்தாலும் வெட்டாமல் விட மாட்டான்.

மூன்று வாரத்தில் பதில் வந்தது.

'கடிதம் கிடைத்தது. பாத்திரம் வைத்துவிட்டேன். வாத்தியாரம்மா தினமும் வந்து போகிறாள். அவள் வீட்டு விஷயமெல்லாம் எனக்கு முன்னாலேயே தெரியும் என்பதைக் காட்டிக்கொள்ளாமல் இருக்கத்தான் பெரும் பாடாக இருக்கிறது. உங்கள் தாளில் நடுவே ஓர் ஓட்டை இருந்தது. அதன் மேல் சீட்டு ஒட்டியிருந்தது. அடுத்த மேசைக்காரர் கையெழுத்து கோழி கிளறினது மாதிரி இருக்கிறது, ஆனாலும் முழுசாகப் படித்துவிட்டேன். தினமும் படிக்கிறேன். அடுத்த தடவை நீங்களே நேராக எழுதிவிடுங்கள். உங்களைக் காட்டிக்கொடுத்தவர்தான், இருந்தாலும் பாவம், அவருக்கு எதற்கு வீண் வேலை?'

எலியார் அதை எத்தனை தரம் படித்தார் என்று பக்கத்தில் படுத்திருந்த வாத்தியார் எண்ணிக்கொண்டிருந்தார். பதினேழு. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எவனுக்கும் எலிப் புத்தி வந்துவிடும்போலிருக்கிறது என்று எலியார் சொன்னார். சொல்லிவிட்டு மூக்கை உறிஞ்சினார். ஜலதோஷம் என்றார்.

அடுத்த கடிதத்துக்கு அவர் அரை நாள் எடுத்துக்கொள்ளவில்லை. முதல் வரியில் மனைவியின் பெயரை எழுதினார். இருபத்திரண்டு வருஷத்தில் முதல் தடவை. பின்பக்கத்தில் அதற்கு நேரே இருந்த இடத்தில் ஒன்றுமே எழுதாமல் விட்டுவிட்டார்.